விடை உண்டா? – இடத்தியல் படி கூறும் மறுமொழி

ஒரு சமன்பாட்டைக் கண்டவுடன் அதன் விடை யாது என வினவுதல் நம் வழக்கம். அதற்கு முன்னரே வினவத்தக்க வினா ஒன்று உண்டு. விடை என ஒன்று இருக்கிறதா என்பதே அது. இல்லாத விடையைத் தேடுவோன் உழைப்பு ஊற்றில்லா நிலத்தில் கிணறு வெட்டுவோன் உழைப்பை ஒக்கும். விடையைக் காணாமலே விடை உண்டென உறுதி கூறும் கருவியைக் கணித அறிஞர் கண்டனர். அதுவே இடத்தியல் படி. கோணத்தை அளக்கும் பாகையும், பல்லுறுப்புக் கோவையின் படியும், இப்படியும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் பெற்றவை. எனினும் மூன்றும் வெவ்வேறு பொருளன என்பதை ஆசிரியர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

எண்ணும் முறை

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஓர் எண்ணின் முப்படியிலிருந்து அவ்வெண்ணையே கழிக்கும் சார்பை −2 முதல் 2 வரை வரைக. அது −1, 0, 1 ஆகிய மூன்று இடங்களில் சுழியமாகும். கோடு மேல்நோக்கிக் கடக்குமிடத்து +1 எனவும், கீழ்நோக்கிக் கடக்குமிடத்து −1 எனவும் கொண்டால், கூட்டுத்தொகை +1 −1 +1, அஃதாவது 1. இதுவே படி.

இனி, எண்ணின் இருபடியிலிருந்து 1 கழிப்போம். இதன் படி −1 +1, அஃதாவது 0. இக்கோட்டை மெல்ல மேலே உயர்த்தி, இருபடியோடு 1 கூட்டியதாக ஆக்கினால் இரண்டு விடைகளும் ஒன்றையொன்று அழித்து மறைந்துவிடும். படி மட்டும் 0 ஆகவே நிற்கும். எல்லையில் சுழியம் தோன்றாதவரை, சார்பைத் தொடர்ச்சியாக எவ்வளவு வளைப்பினும் படி மாறாது. படி சுழியம் அன்றெனின் விடை உறுதியாக உண்டு. படி சுழியமாயின் அது ஒன்றும் கூறாது.

இக்கருத்தை எத்தனை பரிமாணத்துக்கும் பொருந்துமாறு 1911, 1912ஆம் ஆண்டுகளில் நிறுவியவர் டச்சு நாட்டு அறிஞர் புரோவர்.

பனாக் வெளியில்

வகையீட்டுச் சமன்பாட்டில் நாம் தேடுவது ஓர் எண்ணை அன்று; ஒரு முழுச் சார்பை. அத்தகைய சார்புகள் வாழும் இடம் முடிவிலாப் பரிமாணங்களையுடைய பனாக் வெளி. ஆங்கே புரோவரின் நிலைப்புள்ளித் தேற்றம் அப்படியே செல்லாது. ஒரு கோளத்தைத் தொடர்ச்சியாக அதற்குள்ளேயே செலுத்தியும் எப்புள்ளியும் தன்னிடத்தில் நில்லாதவாறு செய்யலாம் என 1943இல் காக்குட்டானி காட்டினார்.

ஆயினும் வழி அடைபடவில்லை. 1934ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு லெரேயும் போலந்து நாட்டு ஷாடரும், எல்லைக்குட்பட்ட கணங்களை ஏறக்குறைய முடிவுள்ள பரிமாணத்துக்குள் அடக்கிவிடும் சார்புகளைத் தேர்ந்தனர். ஒரு புள்ளியிலிருந்து அது சென்றடையும் இடத்தைக் கழிக்கும் சார்புக்குப் படி வகுத்தனர். கடினமான சமன்பாட்டைச் சிறிது சிறிதாக எளிய சமன்பாடாக மாற்றுக. இடையில் தோன்றும் விடைகள் யாவும் ஒரே எல்லைக்குள் அடங்கின், எளியதன் படியே கடினத்தின் படியுமாகும்.

பன்மதிப்புச் சார்புகள்

தரையில் கிடக்கும் பெட்டியைத் தள்ளுகிறோம். அது நகரும்போது உராய்வு விசை எதிர்த்திசையில் ஒரு மதிப்புடையது. நிற்கும்போதோ, தள்ளும் அளவுக்கேற்ப ஓர் எல்லைக்குள் எம்மதிப்பையும் பெறும். வேகம் ஒன்று, மதிப்புகள் பல. இதுவே பன்மதிப்புச் சார்பு.

0 முதல் 1 வரை ஒரு சார்பைக் கருதுக. அரைக்குக் கீழுள்ள எண்களுக்கு மதிப்பு 1, மேலுள்ளவற்றுக்கு 0. அரையில் 0, 1 என இரண்டை மட்டும் தந்தால் எவ்வெண்ணும் தன் மதிப்பாகத் தானே அமையாது. இடைப்பட்ட எண்கள் அனைத்தையும் தந்தாலோ, அரை தன் மதிப்புகளுள் ஒன்றாகிறது; நிலைப்புள்ளி கிட்டுகிறது. இவ்வாறு இடைவெளியின்றி நிரம்பிய மதிப்புக் கணமே குவிவுக் கணம். முடிவுள்ள பரிமாணத்தில் இதற்குரிய தேற்றத்தை 1941இல் நிறுவியவரும் காக்குட்டானியே. ஆட்டக்காரன் ஒருவனுக்குச் சம நலம் தரும் வழிகள் பல இருத்தல் கூடும் ஆதலின், 1950இல் நாஷ் தம் சமநிலைக் கோட்பாட்டை நிறுவ இத்தேற்றத்தைக் கையாண்டார்.

பனாக் வெளியில் இத்தகைய சார்புகளுக்குப் படியை 1959இல் கிரானாஸ் வகுத்தார். 1969இல் செல்லினாவும் லசோட்டாவும் வேறொரு வழி கண்டனர். அவ்வழி இது: பன்மதிப்புச் சார்பின் மிக அருகே செல்லும் ஒருமதிப்புத் தொடர்ச்சிச் சார்பைக் கொள்க. மேற்கூறிய எடுத்துக்காட்டில் அரையைச் சுற்றி 1இலிருந்து 0க்கு இறங்கும் செங்குத்தான சரிவு அத்தகையது. மதிப்புகள் குவிவுடையன ஆதலின், போதிய அளவு நெருங்கிய இரு சார்புகளுள் ஒன்றை மற்றொன்றாக வளைக்கலாம். எனவே அவற்றின் படி ஒன்றே. அப்பொது எண்ணே பன்மதிப்புச் சார்பின் படி.

விடை உண்டென்று கூறும் படி, அது எங்கே என்று கூறாது. தேடுதல் நம் பொறுப்பு. யூதரான ஷாடர் 1943இல் நாஜிகளால் கொல்லப்பட்டார். அவர் லெரேயுடன் அமைத்த அடித்தளத்தின் மீதே பின்வந்தோர் கட்டினர். உண்டென்ற உறுதியோடு தேடுவோர்க்கு அவர் உழைப்பு இன்றும் துணையாகிறது.