அஞ்சறைப் பெட்டிக்குள் ஈரம் நுழைந்தால்...

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். கடுகுக்கு அது பொருந்தும். மிளகாய்த்தூளுக்கும் மல்லித்தூளுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. தீபாவளிக்கு அரைத்து வைத்த தூள் தைப்பூசம் வரையில் மணக்கிறது. சித்திரைப் புத்தாண்டு வரும்போது, ஒரு கரண்டி போட்ட கறிக்கு இரண்டு கரண்டி போட வேண்டியிருக்கிறது. ஆடி மாதம் டின்னைத் திறந்தால் தூள் கட்டி தட்டிக் கிடக்கிறது. ஓரத்தில் பழுப்பு நிறத்தில் சின்னஞ்சிறு வண்டு ஒன்று ஊர்ந்து போகிறது.

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று கோலசிலாங்கூர் வட்டாரம் முழுவதும் இல்லத்தரசிகள் சொல்லிக்கொள்ளும் குறை ஒன்றுதான்: "இப்பல்லாம் சரக்கே சரியில்லக்கா!" சரக்கு சரியில்லாமல் இருக்கலாம். கடைக்காரர் பழைய இருப்பைத் தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் பழி முழுவதையும் கடைக்காரர் தலையில் போடுவதற்கு முன்னால், சரக்கை எவ்வளவு வாங்குகிறோம், எப்போது வாங்குகிறோம், வீட்டில் எங்கே வைக்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் பார்க்க வேண்டும். இது வாசனையோடு முடிகிற விஷயமல்ல. வீட்டுச் செலவும் பிள்ளைகளின் உடல்நலமும் இதில் அடங்கியிருக்கின்றன.

ஆண்டுச் சரக்கு என்ற பழக்கம்

ஓர் ஆண்டுக்குத் தேவையான மிளகாய், மல்லி, மஞ்சளை மொத்தமாக வாங்கி, காயவைத்து, அரைத்து வைப்பது நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கம். அங்கே அதற்குக் காரணம் இருந்தது. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் அறுவடையாகி வருவது மாசி, பங்குனி வாக்கில். அதைத் தொடர்ந்து கோடை வெயில். மண்ணும் காற்றும் சேர்ந்து காயும் அந்த நாட்களில் மிளகாயைக் களத்தில் பரப்பினால், கையில் எடுத்து ஆட்டும்போது உள்ளே விதை கலகலவென்று ஒலிக்கும். அப்படிக் காய்ந்த சரக்கு பானைக்குள் போனால் அடுத்த அறுவடை வரையில் தாங்கும்.

தோட்டப்புறத்திலும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. பால்மரக் காலத்திலும், பிறகு செம்பனைக் காலத்திலும், லயத்து வீட்டு வாசலில் பாயை விரித்து மிளகாயும் மல்லியும் காயவைத்த பாட்டிகளை இன்றைய ஐம்பது வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அம்மி இருந்தது. மிளகாயை முழுசாக வைத்திருந்து, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் அரைத்தார்கள். ஆண்டுச் சரக்கு வீட்டில் இருந்தது உண்மை. ஆனால் அது தூளாக இருக்கவில்லை.

அம்மி போய் அரவை மில் வந்தபோது பழக்கம் பாதி மாறியது. வாங்கும் அளவு அப்படியே இருந்தது. முழுச் சரக்கு மட்டும் மொத்தமாகத் தூளாகிவிட்டது. இன்றைய தொல்லைகளுக்கு வேர் இங்கேதான்.

ஜெராமுக்குக் கோடை இல்லை

ஜெராம் கடலோர ஊர். மலேசியா முழுவதுமே ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். தமிழ்நாட்டைப் போல் மண் வெடிக்கும் கோடை இங்கு வருவதில்லை. அதிலும் மேற்குக் கரையில் மழை மிகுந்து பெய்வது ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும்.

தீபாவளி வருவது அதே அக்டோபர், நவம்பரில்தான். காப்பார் வழியாகக் கிள்ளானுக்குப் போய், ஜாலான் தெங்கு கிளானாவில் மூட்டையாகச் சரக்கு வாங்கி வந்து, வாசலில் காயப்போட்டால் மத்தியானம் இடி இடிக்கிறது. அரைகுறையாகக் காய்ந்ததை அவசரமாக வாரிக் கொண்டு மில்லுக்கு ஓடுகிறோம். ஆண்டிலேயே ஈரம் மிகுந்த பருவத்தில் ஆண்டுக்கு வேண்டிய தூளை அரைத்து வைக்கிறோம்!

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியாவிலிருந்து வரும் மிளகாய் பெரும்பாலும் ஆண்டின் முதல் சில மாதங்களில் அறுவடையானது. இங்கே தீபாவளிக்குப் பை அவிழும்போதே அதற்கு ஆறு மாத வயது ஆகியிருக்கும். அதை மேலும் ஓராண்டுக்கு வைத்திருப்பது எந்த வகையில் நியாயம்?

வாசனை எங்கே போகிறது?

சீரகத்தின் மணமும் கிராம்பின் காரமும் அவற்றுக்குள் இருக்கும் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் அடங்கியுள்ளன. முழுச் சீரகத்தில் அந்த எண்ணெய் தோலுக்குள் பூட்டி வைத்தது போல் இருக்கும். அரைத்த உடனே பூட்டு உடைகிறது. ஒவ்வொரு துகளிலும் காற்று படுகிறது; எண்ணெய் பறக்கிறது. அரைக்கும் நாளில் வீடே மணக்கிறதே, அந்த மணம் எங்கிருந்து வருகிறது? தூளிலிருந்து வெளியேறிக் கொண்டிருக்கும் எண்ணெயிலிருந்துதான்.

மசாலைச் சரக்குக்கு எதிரிகள் நான்கு: காற்று, வெளிச்சம், சூடு, ஈரம். வெளிச்சம் பட்டால் மஞ்சளின் நிறமும் மிளகாயின் சிவப்பும் வெளுக்கும். சூடு பட்டால் எண்ணெய் விரைவாக ஆவியாகும். ஈரம் புகுந்தால் தூள் கட்டியாகும், பூஞ்சணம் பிடிக்கும். பெரும்பாலான வீடுகளில் மசாலைப் போத்தல்கள் இருப்பது அடுப்புக்கு மேலே, கண்ணாடிப் போத்தலில், சன்னலுக்கு எதிரே. எடுக்கக் கைக்கு வசதி. நான்கு எதிரிகளுக்கும் அதே வசதி.

பூஞ்சணம் விளையாட்டல்ல

மிளகாயில் பூஞ்சணம் பிடித்தால், "வெயில்ல ஒரு நாள் போட்டா சரியாயிடும்" என்று சொல்வது பலருக்கும் வழக்கம். இது ஆபத்தான வழக்கம்.

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் இருந்த கடலையைத் தோண்டித் துருவிப் பார்த்தபோதுதான் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. சிலவகைப் பூஞ்சணங்கள் சுரக்கும் நஞ்சு அது. ஈரலைத் தாக்கும். மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருட்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இதைச் சேர்த்திருக்கிறது. கடலை, சோளம் மட்டுமல்ல. மிளகாய், மிளகு, மஞ்சள், இஞ்சி, ஜாதிக்காய் ஆகியவற்றிலும் இது தோன்றக்கூடும்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. 1988-ஆம் ஆண்டு அக்டோபரில் பேராக்கில் ஒருவகை மீ சாப்பிட்ட 13 சிறுவர்கள் ஈரல் செயலிழந்து உயிரிழந்தனர். அஃப்லாடாக்சின் நஞ்சே அதற்குக் காரணம் என்று மருத்துவ ஆய்வேடுகள் பதிவு செய்துள்ளன. அது மசாலையால் வந்ததல்ல. ஆனால் ஈரமும் வெப்பமும் உள்ள நாட்டில் உணவுப் பொருளில் பூஞ்சணம் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

கறியில் போடும் மிளகாய் கொஞ்சம்தானே என்று கேட்கலாம். கொஞ்சம்தான்; ஒரு வேளையில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நம் வீடுகளில் மிளகாய் இல்லாத நாள் எது? ஐரோப்பிய நாடுகள் மிளகாய், மஞ்சள், மிளகு போன்றவற்றில் அனுமதிக்கும் மொத்த அஃப்லாடாக்சின், ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. இந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. சாதாரணச் சமையல் சூட்டில் முழுமையாக அழியாது. வெயிலில் போட்டால் பூஞ்சணம் காயும், நஞ்சு போகாது. எனவே பூஞ்சணம் பிடித்த மிளகாயைத் துடைத்து, காயவைத்து, அரைக்க வேண்டாம். குப்பையில் போடுங்கள். மனம் கேட்காதுதான். போட்டுவிடுங்கள்.

வாங்கும்போது

மிளகு, சீரகம், சோம்பு, மல்லி, மிளகாய் எல்லாவற்றையும் முடிந்தவரை முழுசாக வாங்குங்கள். வீட்டில் மிக்சி இருக்கும்போது தூளாக மொத்தமாய் வாங்க அவசியமில்லை. காம்புள்ள, வெடிக்காத மிளகாயாகப் பாருங்கள். வளைத்தால் ரப்பரைப் போல் வளைவது ஈரமுள்ளது. கிள்ளினால் ஒடிவது காய்ந்தது. உள்ளே கறுப்போ சாம்பல் நிறமோ தெரிந்தால் வேண்டாம். கடையில் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்: "அண்ணே, இந்த மூட்டை எப்ப வந்தது?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் பழைய இருப்பைத் தள்ளக் கடைக்காரரும் யோசிப்பார்.

மிளகுக்குக் கண்ணாடி டம்ளர் போதும். தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். கலப்படமாகச் சேர்த்த பப்பாளி விதை மிதக்கும். நம் நாட்டு மிளகு பெரும்பாலும் சரவாக்கில் விளைவது. கடல் தாண்டி இந்தியாவிலிருந்து வருவதைவிட இது புதிதாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மஞ்சளில் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்ற, ஈயம் கலந்த சாயத்தைப் பூசி வந்தார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2019-ல் அங்கே சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. அரசாங்கம் சோதனை நடத்தி, தண்டனை விதித்து, மக்களிடம் எடுத்துச் சொன்ன பிறகு 2021-ல் அது பூஜ்யத்துக்கு வந்தது. கடுமையாக இறங்கினால் முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். வாங்குபவரும் ஒன்று செய்யலாம்: அளவுக்கு மீறிப் பளபளக்கும் மஞ்சளை ஒதுக்கலாம்.

சிறு பொட்டலம் கிராமுக்குக் கூடுதல் விலை என்பது உண்மைதான். ஆனால் ஒரு கிலோ வாங்கிக் கால் கிலோவைக் கொட்டினால், கொடுத்த காசில் கால் பங்கு குப்பைக்குப் போகிறது. மலிவு எது? இதற்கு லயத்து வாழ்க்கையே வழி காட்டியிருக்கிறது. மூன்று, நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு கிலோவாக வாங்கிப் பங்கிட்டுக் கொள்ளலாம். மொத்த விலையும் கிடைக்கும். யார் வீட்டிலும் சரக்கு பழசாகாது.

வைக்கும்போது

சரக்கை மூன்று இடமாகப் பிரித்து வையுங்கள்.

முதலாவது, அஞ்சறைப் பெட்டி. நாளைக்குப் பத்து முறை திறக்கும் பெட்டி அது. எனவே இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அதில் போடுங்கள். தீர்ந்ததும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு நிரப்புங்கள். பழையதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.

இரண்டாவது, இறுக்கமான மூடியுள்ள போத்தல் அல்லது டின். இது அடுப்புக்கு எட்ட, கதவுள்ள அலமாரிக்குள் இருக்கட்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் போகாத அளவு தூள் போதும். மூடியில் ஒரு தாளை ஒட்டி, அரைத்த தேதியை எழுதுங்கள். பழையது முன்வரிசையில், புதியது பின்வரிசையில். பெருங்காயத்துக்குத் தனி டின். அதன் வாசனை அடுத்த டப்பாவைச் சும்மா விடாது.

மூன்றாவது, குளிர்ப்பெட்டியின் உறைபனி அறை. மீதமுள்ள முழு மிளகாயும் மல்லியும் சிறு சிறு பைகளில் காற்றில்லாமல் கட்டி இங்கே இருக்கட்டும். ஒரு வாரம் அங்கிருந்தாலே வண்டும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காதீர்கள். சில்லென்ற சரக்கின் மேல் காற்றின் ஈரம் வியர்வை போல் படியும். பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே அவிழ்க்க வேண்டும்.

மில்லிலிருந்து வரும் தூள் சூடாக இருக்கும். அப்படியே டின்னில் அடைத்தால் ஆவி மூடியில் நீராகித் திரும்பத் தூளில் விழும். தாளில் பரப்பி ஆறவிட்டு அடையுங்கள். கொதிக்கும் குழம்புக்கு மேலே போத்தலைக் கவிழ்த்துத் தட்டுவதும் ஆவியை உள்ளே அழைப்பதுதான். காய்ந்த கரண்டியால் எடுத்துப் போடுங்கள்.

இலை வகைகள்

கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினாவை வாங்கி வந்ததும் கழுவி வைப்பதுதான் அவை அழுகக் காரணம். கழுவுவது சமைக்கும்போது. கொத்தமல்லியின் தண்டைத் தண்ணீருள்ள டம்ளரில் நிறுத்தலாம். கறிவேப்பிலையைத் தாளில் சுற்றி டப்பாவில் வைக்கலாம். பண்டான், செரை, மஞ்சள் இலை ஆகியவற்றுக்குப் பணமே வேண்டாம். வாசல் ஓரத்தில் நட்டால் இந்த ஈரமே அவற்றை வளர்க்கும்.

மிளகாயைக் கெடுக்கும் அதே ஈரம் இலையை வளர்க்கிறது. ஊரின் காற்றை மாற்ற முடியாது; அதற்கேற்பப் பழக்கத்தை மாற்றலாம். அடுத்த தீபாவளிக்குச் சரக்குப் பட்டியல் எழுதும்போது, ஓர் ஆண்டு என்று எழுதும் இடத்தில் மூன்று மாதம் என்று எழுதிப் பாருங்கள். அன்றன்றைக்கு அம்மியில் அரைத்த பாட்டியின் கறி ஏன் அப்படி மணந்தது என்பது அப்போது புரியும்.