குரங்கணியில் தீ வைத்தது யார்?

தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீ, மலையேறப் போன 23 பேரைக் கொண்டுபோனது. மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்து போன பெண்களும் அதில் உண்டு.

தீ எப்படி வந்ததாம்? மேய்ச்சலுக்காகப் புல்லைக் கொளுத்தியது என்றார்கள் சிலர். அணைக்காத சிகரெட் என்றார்கள் சிலர். எங்கள் திருவொற்றியூர் தண்ணீர் லாரி வரிசையிலோ, "பொம்பளைப் புள்ளைங்களுக்கு மலை எதுக்கு?" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்! ஏன், ஆண்களும்தானே இறந்தார்கள்?

யார் கொளுத்தியிருந்தாலும், அது காய்ந்த புல். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாய்ப் பாயும். மேடேறி ஓடினால் துரத்திப் பிடித்துவிடும்.

என் மகளும் போகக் கேட்கிறாள். போகட்டும், ஆனால் கோடையில் வேண்டாம். வனத்துறை அனுமதித்த பாதை எதுவென்று நானே கேட்பேன். நைலான் உடுப்பு உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளுமே, அதனால் பருத்திச் சுடிதார்தான்.