கடல் தாண்டிய உணவுகள்: பரவைக்கடல் அட்டையும் சீன அடுப்படியும்

யாழ்ப்பாணப் பரவைக்கடலில் கிடைப்பவற்றுள் விலை கூடியவற்றில் ஒன்று கடலட்டை. யாழ்ப்பாணத்துச் சமையலறைக்குள் நுழையாததும் அதுவே. ஒடியற் கூழ் கொதிக்கும் பானைக்குள் நண்டு, இறால், கணவாய், திருக்கை, மீன்தலை என்று கடல் தருவதெல்லாம் விழும், அட்டை விழாது. குருநகர், பாசையூர், நாவாந்துறை, தீவகக் கரைகளில் பிடிபடும் அட்டை அவிந்து காய்ந்து, கொழும்பு வழியாக ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் தாய்வானுக்கும் சீனப் பெருநிலத்துக்கும் போய்விடுகிறது. அதை எங்கே கீறுவது, எவ்வளவு நேரம் அவிப்பது, எந்தப் பருமனில் பிடிப்பது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது அங்குள்ள சமையல். பிடிப்பவரும் அவிப்பவரும் தாம் உண்ணாத ஓர் உணவின் சமையல் முறைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அட்டையின் கதையைக் கரையில் தொடங்குவதைவிட அந்த அடுப்படியில் தொடங்குவது தெளிவு தரும்.

சீனப் பந்தியில் பெருமதிப்புப் பெற்ற உலர் கடலுணவுகள் நான்கு: அபலோனி என்னும் கடற்சிப்பி, கடலட்டை, சுறாச் செட்டை, மீனின் காற்றுப்பை. இவற்றில் அபலோனியைத் தவிர மற்ற மூன்றுக்கும் சொந்தச் சுவை மிகக் குறைவு. வாயில் அவை தரும் உணர்வுக்காகவே உண்ணப்படுகின்றன. நன்றாகப் பதம் வந்த அட்டை பல்லுக்கு முதலில் சற்று எதிர்ப்புக் காட்டி, பிறகு வழுவழுப்பாக இளகிப் போகும். மென்மையும் மொறுமொறுப்பும் வழுவழுப்பும் சீனச் சமையலில் தனித்தனியே மதிப்பிடப்படும் குணங்கள். ஒரு விருந்துக்கான கறிகளைத் தெரியும்போது நிறமும் மணமும் போலவே இவையும் கணக்கில் எடுக்கப்படும். கறியை உப்பு, புளி, உறைப்பால் அளக்கும் தமிழ் நாக்குக்கு வழுவழுப்பு ஒரு குறையாகவே படுவதுண்டு. அட்டை இந்தப் பக்கம் உணவாகாமல் போனதற்கு அதன் தோற்றத்தோடு இதுவும் காரணமாக இருக்கக்கூடும்.

சுவையற்ற பொருளைச் சமைப்பது கடினம் என்பதைச் சீனச் சமையலாளர்கள் ஒருபோதும் மறைத்ததில்லை. 1792இல் வெளிவந்த தம் சமையல் நூலில் யுவான் மெய் என்ற கவிஞர் அட்டையைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுதினார்: மணல் நிறைந்தது, வாடை உள்ளது, சுவையாக்குவது அரிது, தெளிந்த சாற்றில் வேகவைக்கவே கூடாது. கோழியும் இறைச்சியும் சேர்ந்த கெட்டியான சாற்றில் நெடுநேரம் வேகவைப்பதே அவர் சொன்ன வழி. இன்றைய உணவகங்களும் முதிர்ந்த பெட்டைக்கோழி, பன்றி எலும்பு, உப்பிட்டு உலர்த்திய தொடை இறைச்சி ஆகியவற்றைப் பல மணி நேரம் காய்ச்சி எடுத்த சாற்றில்தான் அட்டையைச் சமைக்கின்றன. அட்டை சாற்றை உறிஞ்சிக்கொள்கிறது. உண்பவர் சுவைப்பது அந்தச் சாற்றைத்தான்.

அதற்கு முன்னே காய்ந்த அட்டையை மீண்டும் ஊற வைத்து எழுப்ப வேண்டும். வீட்டுச் சமையலில் பொறுமை வேண்டுவது இந்தக் கட்டத்தில். கல்லுப்போல் இறுகிய அட்டையை முதலில் ஒன்றிரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைப்பார்கள். பிறகு மெல்லிய கொதியில் சிறிது நேரம் வேகவைத்து, அடுப்பை அணைத்து, மூடியபடி ஆற விடுவார்கள். ஆறியபின் வயிற்றுப் பக்கம் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் மணலையும் குடலின் மிச்சத்தையும் கழுவி எடுப்பார்கள். விரல் அழுத்தினால் மெதுவாக அமுங்கும் வரை ஊறலும் கொதியும் மாறி மாறி நடக்கும். பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கக்கூடாது, இருந்தால் அட்டை கரைந்துவிடும் என்பது பாட்டிமார் முதல் உணவகச் சமையலாளர் வரை எல்லோரும் காக்கும் விதி. நல்ல அட்டை இப்படி ஊறியபின் காய்ந்திருந்தபோது இருந்ததைவிடப் பலமடங்கு நிறையுடன் எழும். கடைசியாக இஞ்சியும் வெங்காயத்தாளும் அரிசி மதுவும் சேர்த்த நீரில் ஒரு கொதி விட்டால் கடல்வாடை போய்விடும்.

வடக்கே ஷாண்டொங் மாகாணத்தின் புகழ்பெற்ற கறி வெங்காயத்தாளில் வதக்கிய அட்டை. அந்த ஊரின் நீண்ட, பருத்த வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுத்து, மணம் ஏறிய அந்த எண்ணெயில் அட்டையைப் போட்டு, சோயாச் சாறும் சீனியும் எலும்புச் சாறும் விட்டு வற்ற வைத்து, மாக்கரைசலால் இறுக்குவார்கள். அங்கே பயன்படுவது குளிர்கடலில் வளரும் முள் அட்டை. யந்தாய், தாலியன் போன்ற வட துறைமுக நகரங்களில், மாரிகாலத்துச் சூரிய திருப்ப நாளிலிருந்து எண்பத்தொரு நாளும் நாளுக்கு ஓர் அட்டை உண்ணும் பழக்கம் உண்டு. பெரும்பாலும் காலையில், தினைக் கஞ்சியோடு. பிள்ளை பெற்றவளுக்கும் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்தவருக்கும் இதே கஞ்சி கொடுக்கப்படும். யாழ்ப்பாணத்தில் சரக்குக்கறியும் சுறாவறையும் நிற்கும் இடத்தில் அங்கே அட்டைக் கஞ்சி நிற்கிறது. அட்டை உடலின் உள்வலுவை மீட்கும் என்பது சீன மருத்துவ மரபின் நீண்டகால நம்பிக்கை.

தெற்கே குவாங்டொங்கிலும் ஹொங்கொங்கிலும் அடுப்பு வேறு, அட்டையும் வேறு. அங்கே வெப்பக்கடலின் தடித்த அட்டைகளுக்கே மதிப்பு. சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவில் குடும்பம் கூடியிருந்து உண்ணும் விருந்தில், காய்ந்த ஷிடாக்கே காளான், சிப்பிச் சாறு, கோழிக்கால் அல்லது வாத்துக்கால் ஆகியவற்றுடன் அட்டை மெதுவாக வெந்து, அவித்த கீரையின்மேல் பரிமாறப்படும். மலேசிய, சிங்கப்பூர்ச் சீனக் குடும்பங்களும் இதைக் கைவிடவில்லை. பூஜியான் மாகாணத்தின் பூசோ நகரில் அட்டை, அபலோனி, காற்றுப்பை, காளான், புறா முட்டை எல்லாவற்றையும் மதுச்சாடியில் அடைத்துப் பல மணி நேரம் வேகவைக்கும் பெருவிருந்துக் கறியும் உண்டு. யாழ்ப்பாண அட்டை போய்ச் சேர்வது இந்தத் தென்சீன அடுப்புகளுக்கு.

சீனத்துக்கும் குடாநாட்டுக்கும் கடல்வழித் தொடர்பு பழையது. வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1970களின் இறுதியில் வெளிப்பட்ட சீனப் பீங்கான்கள் வட சொங் அரசர் காலத்தவை, ஏறத்தாழ 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகக் குழுவும் அதே ஊரில் அகழ்ந்து நூற்றுக்கணக்கான துண்டுகளை எடுத்தது. பெரும்பாலானவை கிண்ணங்களும் சாடிகளும், அதாவது அன்றாடப் புழக்கத்துக்கான பாத்திரங்கள். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் நடந்த அட்டைத் தொழிலைப் பற்றி 1917இல் விரிவாக எழுதிய சென்னை மாகாண மீன்வளத்துறையின் ஜேம்ஸ் ஹோர்னெல், அது சீன வணிகத்தோடு வந்த மிகப் பழைய தொழில் என்றே கருதினார். இதே தேவைதான் 18ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் மக்காசார் படகோட்டிகளை வட அவுஸ்திரேலியக் கரைவரை இழுத்துச் சென்றது.

இலங்கையின் வடபகுதிக் கடலில் பல வகை அட்டை உண்டு. தொட்டவுடன் நூல்போன்ற பசையிழைகளை விடும் நூல் அட்டை, ராஜ அட்டை, கறுப்பு அட்டை என்று பெயர்கள் நீளும். எல்லாவற்றிலும் மதிப்புள்ளது வெள்ளை அட்டை. வணிகர் இதை ‘ஜாஃப்னா அட்டை’ என்றும் சொல்வதுண்டு. சாதாழை படர்ந்த ஆழமில்லாத சேற்றுமணலில் வாழும் இது, நாளின் ஒரு பகுதியை மண்ணுக்குள் புதைந்தே கழித்து, பிறகு மேலே வந்து மேயும். வற்று நேரத்தில் நடந்தே பொறுக்கலாம், மூச்சடக்கி மூழ்கியும் எடுக்கலாம். படகும் வலையும் வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் இது கைகொடுத்தது இதனால்தான்.

கரையில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அடுப்படியில் ஒரு காரணம் உண்டு. கடலிலிருந்து எடுத்த அட்டையை வைத்திருந்தால் அதன் உடலிலுள்ள நொதிகளே அதன் தோலைக் கரைத்துவிடும். ஆகவே அன்றே குடலெடுத்து அவிக்க வேண்டும். கீறல் சிறியதாக, நேராக, உரிய இடத்தில் இருக்க வேண்டும். கோணலாகவோ நீளமாகவோ கீறினால் ஊறும்போது அட்டை விரிந்து உருவம் கெடும், முழு அட்டையாகத் தட்டில் வைக்கும் விருந்துக்கு அது ஆகாது. அவிந்தபின் ஈரமணலில் ஓர் இரவு புதைத்து வைப்பது பழைய முறை. வெள்ளை அட்டையின் தோலில் சுண்ணாம்பாலான நுண்முட்கள் அடர்ந்திருக்கின்றன. புதைத்தெடுத்தால் மேற்தோல் அழுகி இளகும், தும்பாலோ காலாலோ தேய்த்துக் கழுவ அந்தச் சுண்ணாம்புப் படை கழன்று வரும். பப்பாசி இலையோடு கிளறி இதைச் செய்யும் முறையும் உண்டு. இந்த வேலையில் அவசரப்பட்டால், மாதங்கள் கழித்து ஒரு புத்தாண்டு விருந்தில் யாரோ ஒருவரின் பல்லில் மணல் நெறிபடும். கடைசி அவியலும் வெயிலும் முடியும்போது உயிர் அட்டையின் நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்களவே மிஞ்சும். அரைகுறையாகக் காய்ந்தது பூஞ்சணம் பிடிக்கும், கூட வெந்தது ஊறும்போது குழையும். கொள்வனவு செய்பவர் அட்டையைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து, கீறலைப் பார்த்துத் தரம் பிரிப்பது இவற்றுக்காக.

பருமன் விடயத்தில் விருந்தும் கடலும் ஒரே பக்கம் நிற்கின்றன. பந்தியில் பெரிய அட்டை வைப்பது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. அவுஸ்திரேலிய ஆய்வாளர் ஸ்டீவன் பர்செல் 2010களில் ஹொங்கொங், குவாங்சோ கடைகளில் எடுத்த கணக்கின்படி, காய்ந்த வெள்ளை அட்டையின் மிகப் பெரிய தரம் கிலோ ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேலேயும் விற்றது. சிறியவை அதில் ஒரு சிறு பங்கையே பெற்றன. விலை நிறையோடு ஒரே சீராக ஏறுவதில்லை, பருமன் கூடக் கூடப் பாய்ந்து ஏறுகிறது. குஞ்சு அட்டையைப் பிடிப்பவர் கடலுக்குச் செய்யும் கேட்டோடு தன் வருமானத்தின் பெரும்பகுதியையும் இழக்கிறார். கரையோரச் சங்கங்களில் இந்தக் கணக்கு இன்னும் உரக்கப் பேசப்பட வேண்டும்.

அட்டை குறைந்தால் கடலடியும் மாறும். அது மண்ணை விழுங்கி, அதிலுள்ள கழிவை உணவாக்கி, சுத்த மண்ணை வெளியே விடுகிறது; கிளறப்பட்ட அந்த நிலத்தில் சாதாழை செழிக்கும், சாதாழையில் இறாலும் நண்டும் ஒதுங்கும். இனப்பெருக்கத்தின்போது ஆணும் பெண்ணும் வித்துகளை நீரில் விடுவதால், அவை அருகருகே இருந்தால்தான் முட்டை கருக்கட்டும். ஆங்காங்கே சில எஞ்சியிருப்பது போதாது. இந்தியா 2001இல் எல்லாக் கடலட்டைகளையும் பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் சேர்த்துப் பிடிப்பைத் தடைசெய்தது. இலங்கையில் அனுமதிப்பத்திரத்தோடு பிடிக்கலாம். நீரிணையின் ஒரு கரையில் குற்றமும் மறுகரையில் தொழிலுமாக இருப்பதால் கடத்தல் தொடர்கிறது. 2009க்குப் பின் போர்க்காலக் கடல் தடைகள் தளர்ந்தபோது வடக்கின் கரைகளுக்கு வெளி மாவட்டச் சுழியோடிகளும் வந்தனர். வடமராட்சி கிழக்கில் அது உள்ளூர் மீனவருடன் கடும் பிணக்காக மாறியது.

பிடித்தது போதாமல் வளர்ப்பு தொடங்கியது. அரியாலையில் சீன முதலீட்டுடன் ஒரு குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. தாய் அட்டைகளை வைத்திருக்கும் நீரின் வெப்பத்தைச் சற்று உயர்த்தினால் அவை வித்துகளை விடும். பொரித்த குடம்பிகள் நுண்பாசியை உண்டு, இரண்டு வாரமளவில் அடியில் படியும். விரலளவு வளர்ந்ததும் பரவைக்கடலில் தடி நட்டு வலையடித்த பண்ணைகளில் விடப்பட்டு, ஓராண்டளவில் அறுவடைக்கு வரும். தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, செய்திகளின் சொல்லில் ‘நக்டா’, இப்பண்ணைகளுக்கு அனுமதி வழங்குகிறது. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் அட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

பண்ணை அட்டைக்குத் தீனி போடுவதில்லை, அது உண்பது பரவைக்கடலின் மண்ணை. செலவு குறைவதும் இதனால், பிணக்கு வருவதும் இதனால். தீனி நிலமே என்றால் நிலம் நிறைய வேண்டும். அந்த நிலம் சிறகுவலை கட்டுவோரும் இறால், நண்டு பிடிப்போரும் காலங்காலமாகப் பொதுவில் ஆண்ட ஆழமற்ற கடல். வலைவேலி வந்தால் நீரோட்டம் தடைப்படும், மீன் ஏறிவரும் வழி அடைபடும், படகு சுற்றிப் போக வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள். பூநகரியின் கிராஞ்சிக் கரையில் 2022இல் மீனவர்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். பண்ணை எடுத்த உள்ளூர்க் குடும்பங்களுக்கு அது மாரிக்கும் கோடைக்கும் தாங்கும் வருமானம். இரு தரப்பும் ஒரே கரையின் பிள்ளைகள் என்பதால், எந்த இடத்தில் எத்தனை ஏக்கர் என்பதை அந்தந்தக் கரையின் கடற்றொழிலாளர் சங்கத்தோடு இருந்து தீர்மானிக்காத எந்த அனுமதியும் நியாயமாகாது.

சீன அடுப்படியும் மாறிக்கொண்டிருக்கிறது. நாட்கணக்கில் ஊற வைக்க நேரமில்லாத நகரக் குடும்பங்களுக்கு, ஊறவைத்து வேகவைத்து ஒவ்வொன்றாகப் பொதிசெய்து உறையவைத்த அட்டை கடைகளில் கிடைக்கிறது. சீனாவிலேயே ஆண்டுக்கு இரண்டு இலட்சம் தொன்னுக்கு மேல் முள் அட்டை வளர்க்கப்படுகிறது. ஆனால் தென்சீன விருந்து கேட்கும் தடித்த வெப்பக்கடல் அட்டையின் இடத்தை அது நிரப்புவதில்லை. அட்டையை உலர்த்தாமல் உறையவைத்தே வாங்கும் பழக்கம் பரவினால், தெற்கு அடுப்புகளுக்கு அனுப்பும் கரைகளில் மணலில் புதைப்பதும் வெயிலில் உலர்த்துவதும் குறையும். அவித்துக் காயவைக்கும் வாடிகளில் கூலிக்கு நிற்கும் பெண்களின் வேலையை அது நேரே தொடும்.

(அடுத்த இதழில்: சிங்கப்பூரின் மிளகாய் நண்டும் இலங்கைக் களப்பு நண்டும்)