ஒற்றைத் தலைவலியின் எச்சரிக்கைக் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் புயற்கூண்டு ஏறிவிட்டால், உச்சிப்புளி முதல் இராமேசுவரம் வரையுள்ள கரையில் அதன் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகாயம் தெளிவாயிருந்தாலும் வத்தைகளையும் வல்லங்களையும் கரையேற்றிக் கட்டிவிடுவார்கள். 1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தனுஷ்கோடி அழிந்த இரவுக்குப் பிறகு, அந்தக் கூண்டை அலட்சியம் செய்யும் துணிவு இப்பக்கத்தாருக்கு எளிதில் வருவதில்லை. ஆனால் இதே ஜனங்கள் தங்கள் சொந்தத் தலைக்குள் ஏறும் கூண்டைக் கவனிக்கிறார்களா என்றால், இல்லையென்றே சொல்ல வேண்டும். ஒற்றைத் தலைவலி என்னும் வியாதியைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

தலைவலியும் ஒரு வியாதியா, அதற்குப் பத்திரிகையில் இடம் வேண்டுமா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்டுகிறோம். கர்நாடகத்தில் பெங்களூர் நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று விசாரித்து 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் இந்தத் தலைவலி வந்திருப்பதாகக் கண்டார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கு அதிகம். படித்த வர்க்கத்தார் கற்பித்துக்கொண்ட நாகரிக நோய் இது என்று பேசி வந்தவர்கள் இந்தக் கடைசிக் கணக்கைச் சற்றுக் கவனிப்பார்களாக. இராமநாதபுரம் ஜில்லாவின் நிலைமை பெரிதும் வேறாயிருக்கக் காரணம் எதுவும் நமக்குத் தோன்றவில்லை.

இவ்வியாதி புதிதுமன்று. சுசுருத சங்கிதை பதினொரு வகைத் தலைநோய்களைக் கூறுகிறது. பாதித் தலையைப் பிளக்கும் அர்த்தாவபேதகமும், சூரியனோடு ஏறிச் சூரியனோடு இறங்கும் சூரியாவர்த்தமும் அவற்றுள் அடங்கும். நம் முன்னோர் வலியை நன்றாகவே வர்ணித்துவிட்டார்கள். வலிக்கு முந்தின நாளைப் பற்றித்தான் நாம் இப்போது அதிகம் அறிந்து வருகிறோம்.

அந்த முந்தின நாளில் என்ன நடக்கிறது? தூங்கி எழுந்தவனுக்கே களைப்பு. காரணமில்லாமல் கொட்டாவிமேல் கொட்டாவி. பிடரி இறுகுகிறது. படித்த வரியையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. தெரிந்த பெயர் நாவில் வருவதில்லை. அடிக்கடி சிறுநீர் கழிக்க நேருகிறது. அற்ப விஷயத்துக்கெல்லாம் குழந்தைகள்மேல் எரிந்து விழச் சொல்கிறது. சிலருக்கு நேர் மாறாக, அன்று அளவு கடந்த உற்சாகம். பத்துப் பேர் வேலையைத் தாமே செய்துவிடலாம் போன்ற தெம்பு. இந்த உற்சாகத்தைக் கண்டு ஏமாந்தவர்கள் பலர். இவ்வடையாளங்கள் வலிக்குச் சில மணி நேரம் முந்தியும் தோன்றும், இரண்டு நாள் முந்தியும் தோன்றும். பிறகுதான் நெற்றிப்பொட்டில் இடி ஆரம்பமாகிறது. வைத்தியம் செய்யாவிட்டால் அது 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். குமட்டலும் வாந்தியும் கூடவே வரும்.

இவையெல்லாம் வலி வந்த பிறகு கற்பித்துச் சொல்லும் கதைகளல்லவா என்ற சந்தேகம் வைத்தியர்களுக்கும் இருந்தது. 2003-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் நோயாளிகளிடம் சிறு மின்னணுக் குறிப்பேட்டைக் கொடுத்து, வலி வருமுன்பே அடையாளங்களை அன்றன்று பதியச் செய்தார்கள். பின்னால் திருத்தி எழுத வழியில்லை. வலி வரப்போகிறது என்று அவர்கள் முன்கூட்டிப் பதிந்தவற்றில் நூற்றுக்கு 72 பலித்தது. 2016-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரே நோயாளியின் மூளையை முப்பது நாள் தினந்தோறும் படமெடுத்துப் பார்த்தார்கள். வலிக்கு முந்தின நாளிலேயே ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியின் நடவடிக்கை மாறியிருந்தது. பசி, தாகம், தூக்கம், தேக உஷ்ணம் ஆகியவற்றை ஆளும் பகுதி அதுவே. கொட்டாவியும் களைப்பும் அங்கிருந்து புறப்படுவதில் ஆச்சரியமென்ன?

சிலருக்கு வலிக்குச் சற்று முன் கண்ணெதிரே கோட்டை மதில் போன்ற கோணல் கோடுகள் பளபளத்து நகரும். அது வேறு கட்டம். ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். லாஷ்லி என்ற அமெரிக்க அறிஞர் தம் கண்முன் நகர்ந்த அந்தக் கோடுகளை அளந்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்ல வேண்டும் என்று 1941-இல் கணக்கிட்டார். மூன்று வருஷங்களுக்குள், பிரேசில் நாட்டு லியாவோ ஏறக்குறைய அதே வேகத்தில் செல்லும் அலையொன்றை முயலின் மூளையிலேயே கண்டுபிடித்தார்.

இனி நம்மூர் வழக்குக்கு வருவோம். கருப்பட்டி தின்றதால் தலையிடித்தது, வெயிலில் போனதால் தலையிடித்தது என்பது இக்கரையில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. வெயிலும் பட்டினியும் தூக்கக் கேடும் வலியைத் தூண்டக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இனிப்பின்மேல் திடீரென்று எழும் ஆசையே முன்னறிகுறிகளில் ஒன்று. வெளிச்சம் கண்ணைக் கூசுவதும் அப்படியே. வியாதி உள்ளே புறப்பட்ட பிறகுதான் கை கருப்பட்டியைத் தேடிற்று என்றால், குற்றம் கருப்பட்டியின் மேலா? நேற்று வரை பொறுத்த மணல்வெளி வெயில் இன்று மட்டும் ஊசியாய்க் குத்துகிறதென்றால், மாறியது வெயிலா, தலையா? இந்த வித்தியாசம் தெரியாததால், பாவமறியாத பண்டங்களையெல்லாம் விலக்கிவிட்டு வலியோடேயே காலம் தள்ளுவோர் உண்டு.

தலை முழுகுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மும்பை வைத்தியர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று கூறிய 94 நோயாளிகளைப் பற்றி 2006-இல் எழுதியிருக்கிறார். இராமேசுவரத்தில் கடலாடி, பிறகு 22 தீர்த்தங்களிலும் நனைந்து, ஈரக் கூந்தலோடும் வெறும் வயிற்றோடும் நிற்கும் யாத்திரிகப் பெண்களையும், மண்டபம் பக்கத்தில் நாளெல்லாம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும் நாம் நினைத்துக்கொள்கிறோம். முந்தினவர்களுக்கு ஒரு நாள் கஷ்டம். பிந்தினவர்களுக்கு அதுவே ஜீவனம். வலி வந்தால் அன்றைய கூலி போயிற்று. வீட்டுக்குப் போனாலோ, சோம்பேறி என்ற பட்டமும் கிடைக்கிறது.

பொதுத் தொண்டில் ஈடுபட்ட நேயர்களும் இதில் தப்பியவர்களல்லர். ராத்திரி ரயிலில் விழித்து, காலையில் வெறும் காப்பியைக் குடித்து, மத்தியானச் சாப்பாட்டை மறந்து, மாலையில் மேடையேறும் வழக்கம், இந்நோயுள்ளவர்களுக்கு நோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமானம். கொட்டாவி அடுக்கடுக்காய் வந்து பிடரியும் இறுகினால், வேளையில் உண்டு, வேண்டிய தண்ணீர் குடித்து, அன்றிரவாவது நேரத்தில் படுக்கட்டும். எந்த நாளில் என்ன அடையாளம் தோன்றிற்று, வலி எப்போது வந்தது என்று ஒரு காலணா நோட்டில் மூன்று மாதம் எழுதி வந்தால், தம் கூண்டு எது என்று அவரவர்க்கே புலப்படும்.

முன்னறிகுறி கண்டவுடன் பெட்டிக்கடை மாத்திரையை விழுங்குவது மட்டும் கூடாது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல் தின்பவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கிவிடும். வைத்தியர் கொடுத்த மருந்தை வலி ஆரம்பித்தவுடன், முற்றுவதற்கு முன் உட்கொள்வதே பலன் தரும். முன்னறிகுறிக் கட்டத்திலேயே கொடுக்கும் மருந்தும் இப்போது பரிசோதனைக்கு வந்திருக்கிறது. 2023-இல் வெளியான முடிவின்படி, உப்ரோஜெபான்ட் என்ற மருந்து உண்ட தடவைகளில் நூற்றுக்கு 46-இல் அடுத்த ஒரு நாளுக்குக் கடும் வலியோ நடுத்தர வலியோ வரவில்லை. வெறும் மாத்திரை உண்ட தடவைகளில் அது 29. இடியிறங்கினாற்போல் திடீரென்று வந்த வலி, கை கால் சோர்வோடு வந்த வலி, ஜுரத்தோடு கழுத்து விறைத்த வலி, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வந்த வலி ஆகியவை வேறு ஜாதி. அவற்றுக்குத் தாமதமின்றி ஆஸ்பத்திரி போக வேண்டும்.

உச்சிப்புளியில் 2009 முதல் பருந்து என்ற பெயர் தாங்கிய கடற்படை விமானத் தளம் இருந்து, அடிவானத்தைக் காவல் காக்கிறது. இராமநாதபுரத்தில் 2022 முதல் சர்க்கார் வைத்தியக் கல்லூரியும் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின் ஊழியர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்க வீடு வீடாக வருகிறார்கள். அவர்கள் பெண்களிடம், "மாதத்தில் எத்தனை நாள் தலைவலி? அதற்கு எத்தனை மாத்திரை?" என்ற இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டு எழுதிக்கொள்ளச் சர்க்கார் உத்தரவிட வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். புதிய உத்தியோகஸ்தர்களும் வேண்டாம். கல்லூரி வைத்தியர்கள் அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், இந்த ஜில்லாவின் தலைவலி எவ்வளவு என்பது முதல் தடவையாக எழுத்தில் வரும்.