ஆழம் அறிந்து சக்கரம் விடுக

பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, விடுமுறை என்றால் ஒரு காலத்தில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ்தான். பெட்டியும் படுக்கையும் தண்ணீர்க் கூஜாவுமாக இரண்டு இரவுகள் பயணம் செய்து சென்னையை அடைந்து, குலதெய்வத்தையும் உற்றார் உறவினரையும் கண்டு மீள்வதே அந்நாளைய வழக்கம். இன்று நிலைமை மாறியிருக்கிறது. வாயில்தோறும் கார் நிற்கிறது. பிள்ளைகள் பனிமலையைக் காண வேண்டும் என்கின்றனர். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கும் இமயத்தை ஒருமுறை கண்ணாரக் காட்ட வேண்டும் என்ற ஆசை நமக்கும் எழுகின்றது. வரவேற்கத்தக்க ஆசையே. ஆயினும், தார்ச்சாலை முடிந்து கல்லும் மண்ணும் நீரும் தொடங்கும் இடத்தில், நகரத்தில் பதினைந்தாண்டு ஓட்டிய பழக்கம் மட்டும் நமக்குத் துணை வாராது. இதனை நாங்கள் நூல்களில் படித்து அறிந்தோமில்லை, பட்டு அறிந்தோம்.

2022 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சுதந்திர நாளை ஒட்டிய விடுமுறையில், மூன்று குடும்பத்தினர் இரண்டு வண்டிகளில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றிருந்தோம். திரும்பும் நாளன்று காஜாவில் சிற்றுண்டி, படம் எடுத்தல், கடை காணல் எனக் காலைப் பொழுது கழிந்தது. குன்சம் கணவாயைக் கடந்து பாத்தல் என்ற இடத்தைத் தாண்டியபோது பிற்பகல் மூன்று மணி. அங்கே பாதையின் குறுக்கே ஒரு நீரோடை. இவ்வோடைகளை இந்தியில் ‘நாலா’ என்பர். நம் ஊர்க் காட்டாற்றின் தம்பி எனலாம். எதிரே இருந்தது எத்துணை ஆழம் என்று தெரியாத கலங்கல் நீர். கரையில் லாரியை நிறுத்தித் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர், “இப்போது இறங்க வேண்டாம், காலையில் போங்கள்” என்றார். அலுவலகம் திறக்கும் நாளுக்குள் ஊர் சேரவேண்டும் என்ற அவசரத்தில் அவர் சொல்லை நாங்கள் செவிமடுத்தோமில்லை. முதல் வண்டி இறங்கிற்று. நடுவோடையில் முன்சக்கரம் இரு பாறைகளுக்கிடையே விழுந்தது, நீர் கதவின் பாதி உயரத்திற்கு ஏறிற்று, எஞ்சின் நின்றுவிட்டது. பின்னிருக்கையில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரும் இரு குழந்தைகளும் இருந்தனர்.

மீண்டும் எஞ்சினை முடுக்க எங்கள் கை விரைந்தபோது, கரையிலிருந்து அதே லாரிக்காரர் “சாவியைத் தொடாதே!” என்று கூவினார். நீரில் இறங்கிக் கயிறு கட்டித் தம் லாரியால் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக் கரை சேர்த்தார். அன்றிரவு பாத்தலில் தங்கினோம். குளிரினும் வெட்கமே எங்களை மிகுதியாக நடுங்கச் செய்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே ஓடைக்கு வந்தபோது நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே ஓடிற்று. பாறைகள் யாவும் கண்ணுக்குத் தெரிந்தன. முந்தின நாள் எங்களை விழுங்க வந்த ஓடையை இரண்டாம் வண்டி ஒரு நிமிடத்தில் கடந்தது. பழுதுற்ற முதல் வண்டியோ லாரியில் ஏறி மணாலிக்குச் சென்றது.

அன்று முதல் கேட்டும் பார்த்தும் பழகியும் தெளிந்தவற்றை, இவ்வாண்டு மலையேற எண்ணும் அன்பர்களுக்கு ஈண்டுக் கூறுகின்றோம்.

வண்டியை அறிதல்

உயரமாகவும் பருமனாகவும் காணப்படும் வண்டிகள் அனைத்தும் கரடுமுரடான பாதைக்கு உரியவை அல்ல. அவற்றுள் பல, இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே எஞ்சினின் விசை செல்லும் சாதாரணக் கார்களே. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியே ஃபோர் வீல் டிரைவ் எனப்படுவது. ஜீப், ஜிப்ஸி, தார், ஜிம்னி முதலிய வண்டிகளில் இதற்கெனத் தனிக் கம்பி ஒன்று உண்டு. அதில் ‘ஹை’ என்னும் நிலை மணலிலும் சேற்றிலும் பனியிலும் ஓரளவு வேகமாகச் செல்வதற்கு. ‘லோ’ என்னும் நிலை செங்குத்தான ஏற்ற இறக்கங்களிலும் பாறைகளிலும் ஆமை நடையில், ஆனால் யானை வலிமையுடன், செல்வதற்கு. இத்தகைய வண்டிகளில் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர விசையைப் பூட்டி ஓட்டுதல் கூடாது. திருப்பங்களில் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டியிருத்தலின், உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் முறுக்கேறிக் கெடும்.

அடுத்து அறிய வேண்டுவது வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது. சிறு கார்களில் இது 170 மில்லிமீட்டர் அளவினது. மலைப்பாதைக்கு ஏற்ற வண்டிகளில் 200 மில்லிமீட்டருக்கு மேற்படும். எஞ்சின் எவ்விடத்தில் காற்றை உறிஞ்சுகின்றது என்பதையும் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொள்க. நீர் அவ்விடத்தை எட்டினால் எஞ்சினின் உள்ளே புகும். காற்றைப் போல் நீர் சுருங்காது. ஆதலின் பிஸ்டன் அதனை அழுத்த முயன்று, இணைப்புத் தண்டு வளைந்து முறியும். நீரில் நின்ற எஞ்சினை மீண்டும் முடுக்கலாகாது என்று அந்த லாரிக்காரர் கூவியதன் காரணம் இதுவே.

கல்லும் சரிவும்

கல் நிறைந்த பாதையில் வேகமே முதற் பகை. முதல் கியரில், நடந்து செல்பவனின் வேகத்தில் சென்றால் போதும். பெரிய கல் எதிர்ப்பட்டால், அதனை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுச் செல்லவே பழக்கமில்லாதவர் மனம் நாடும். அது தவறு. நடுவே விட்ட கல் எண்ணெய்த் தொட்டியைக் கிழிக்கும். மெல்லச் சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றி இறக்குவதே முறை. அப்போது வண்டியின் வயிறு மேலே தூக்கப்படும். ஸ்டியரிங்கைப் பற்றும்போது கட்டைவிரலை வளையத்தின் உட்புறம் கோத்துப் பிடிக்க வேண்டா. சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெடுக்கெனத் திரும்பி விரலை முறித்துவிடும்.

ஏற்றத்தையும் இறக்கத்தையும் நேராகவே அணுகுதல் வேண்டும். சரிவின் குறுக்கே சென்றால் வண்டி கவிழும். ஏறும்போது பாதியில் விசை போதாது நின்றுவிட்டால், அங்கேயே திருப்ப முயல்வது பேராபத்து. பின் கியரைப் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னிறங்குக. இறங்கும்போது முதல் கியரில் வண்டியை விட்டு, எஞ்சினே வேகத்தைத் தடுக்குமாறு செய்க. கிளட்சை மிதித்துக்கொண்டோ நியூட்ரலிலோ இறங்குதல் தற்கொலைக்கு ஒப்பானது. நீண்ட இறக்கத்தில் ஓயாது பிரேக்கை மிதித்தால் அது சூடேறித் தன் பிடிப்பை இழந்துவிடும்.

மணலும் சேறும்

ஜெய்சல்மேரை அடுத்த சம் மணற்குன்றுகளுக்குச் செல்லும் அன்பர்கள் டயரின் காற்றைக் குறைக்க அறிந்திருத்தல் வேண்டும். சாலையில் 30 முதல் 35 பவுண்டு வரை வைத்திருக்கும் காற்றை மணலில் 18 பவுண்டு அளவிற்கு இறக்கினால், டயர் ஒட்டகத்தின் பாதம்போல் விரிந்து, புதையாமல் செல்லும். அந்நிலையில் வேகமும் கூர்மையான திருப்பமும் ஆகா. டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும். சாலைக்குத் திரும்பியவுடன் மீண்டும் காற்று நிரப்புவதற்கு ஒரு சிறிய பம்பும் காற்றை அளக்கும் கருவியும் உடன் இருத்தல் வேண்டும். மணலில் நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாது, தானே உருண்டு நிற்க விடுக. அதுவும் இறக்கத்தை நோக்கி நிற்குமாறு. குன்றின் உச்சிக்கு அப்பால் என்ன உள்ளது என்பதை இறங்கி நின்று பாராமல் தாண்டலாகாது.

சேற்றில் சீரான வேகமே துணை. சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலத் தொடங்கினால் உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுக. மேலும் மேலும் மிதிப்பவர் தமக்குத் தாமே குழி தோண்டுகின்றவராவர். இறங்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டி, காலடி மிதியடியையோ தட்டைக் கற்களையோ இட்டு, வந்த தடத்திலேயே பின்னே வருதல் நலம். கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால், வண்டியில் அதற்கென உள்ள கொக்கியில் மட்டுமே கட்டுக. பம்பரில் கட்டலாகாது. கயிற்றின் நடுவே கனத்த கம்பளம் ஒன்றைப் போட்டு, அனைவரும் கயிற்றின் நீளத்திற்கும் அப்பால் விலகி நிற்க வேண்டும். அறுந்த கயிறு உயிரைக் குடிக்கும்.

நீர்

இமயத்து ஓடைகள் உருகும் பனியால் ஓடுபவை. கதிரவன் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலிலும் மாலையிலும் நீர் பெருகும். இரவுக் குளிரில் உருகுதல் குறைந்து விடியற்காலையில் வற்றும். ஆகவே ஓடைகளைக் காலையிலேயே கடக்குமாறு பயணத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தவறு ஓடையில் நிகழவில்லை. காஜாவில் சிற்றுண்டிக் கடையிலேயே நிகழ்ந்துவிட்டது.

ஓடும் நீர் ஓரடி ஆழமிருந்தால் சிறு காரை நகர்த்தும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். குறுகிய இடத்தில் அமைதியாக ஓடும் நீர் ஆழமானது. அகன்று பரவிச் சலசலக்கும் இடமே பெரும்பாலும் ஆழம் குறைந்தது. முன்னே ஒரு வண்டி கடப்பதைப் பார்த்துத் தடத்தை மனத்திற் கொள்க. கடக்கும்போது கண்ணாடிகளை இறக்கி வைத்து, முதல் கியரில், வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும், கியரை மாற்றாமலும் செல்க. கரையேறியபின் பிரேக்கைச் சிலமுறை மெல்ல அழுத்தி ஈரத்தை உலர்த்துக.

இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்றுண்டு. நம் வீட்டுப் பெரியவரைக் கைப்பிடித்து நடத்திச் செல்ல நாம் அஞ்சும் நீரில், அவரை வண்டியில் அமர்த்திக்கொண்டு இறங்கலாகாது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் முன்னோர் சொன்னது காலுக்கு மட்டுமன்று, சக்கரத்திற்கும் பொருந்தும்.

உயரமும் உடலும்

காஜா ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்சம் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேற்பட்டது. அங்கே காற்று மெல்லியதாதலின், டர்போ இல்லாத எஞ்சின் தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலாக இழக்கும். எஞ்சினுக்கு நேர்வதே நம் உடலுக்கும் நேரும். 2020 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், மணாலியிலிருந்து விரைவாக உயரம் ஏறிவிட முடிகின்றது. அவ்விரைவே தலைவலிக்கும் வாந்திக்கும் காரணமாகின்றது. முதன்முறை செல்வோர் சிம்லா, கின்னௌர், நாகோ, தாபோ வழியாகச் சில நாட்கள் தங்கித் தங்கி ஏறுவதே நன்று. தலைவலி நீங்காதவரை மேலும் ஏறலாகாது. மூச்சுத் திணறலோ தள்ளாட்டமோ கண்டால் இரவென்று பாராமல் கீழே இறங்குக.

மணாலியை விட்டால் காஜா வரை பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட வேண்டா. பல இடங்களில் கைப்பேசி இயங்காது. ஒருநாள் மிகைப்படத் தங்க நேர்ந்தாலும் போதுமான உணவு, நீர், கம்பளி, மருந்து ஆகியவை வண்டியில் இருக்கட்டும். 2023 ஜூலைப் பெருமழையின்போது சந்திரதால் ஏரியருகே இருநூற்றுக்கும் மேற்பட்டோர் பல நாட்கள் சிக்கிப் பின்னரே மீட்கப்பட்டனர் என்பதை நினைவிற் கொள்க. ஒற்றை வண்டியாகச் செல்லாமல் இரண்டு குடும்பங்களாகச் செல்வதும் நலம்.

பாதை இல்லாத இடம் யாருக்கும் உரியதன்று என்று எண்ணுவதும் பிழை. புல்வெளியும் ஏரிக்கரையும் அங்கு மேய்ப்பவர் வாழ்வு. ஒருமுறை சக்கரம் பதிந்த தடம் அக்குளிர்நிலத்தில் ஆண்டுகள் பல மறையாது. 2023 டிசம்பரில் சந்திரா ஆற்றின் நீருக்குள் தார் வண்டியை ஓட்டி மகிழ்ந்த ஒருவருக்கு லாகுல்-ஸ்பிதிக் காவல்துறையினர் அபராதம் விதித்தனர். முன்னே சென்றவர் தடத்தில் செல்வதே நாகரிகமும் பாதுகாப்புமாகும்.

அன்று பின்னிருக்கையில் இருந்த அம்மையார் எங்களை ஒரு சொல்லும் கடிந்தாரில்லை. பாத்தலில் இரவு கூடாரத்தில் குழந்தைகளைப் போர்த்திவிட்டு, “ஒருநாள் தாமதமாகப் போனால் என்னப்பா?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு அன்றும் எங்களிடம் விடையில்லை; இன்றும் இல்லை. இமயம் எங்கும் போய்விடாது, ஓடையும் காலையில் வற்றும். பயணத்திட்டத்தில் ஒருநாளை வெறுமையாக விட்டுப் புறப்படும் குடும்பம் நலமே திரும்பி வந்து, நம் சங்கத்தில் அந்தப் பயணக் கதையைச் சொல்லும்.