கண்டுபிடித்தது சரி, காப்பாற்றியதா?

1980களின் நடுவிலிருந்து, ஆறு மாதக் குழந்தை இருக்கும் ஜப்பானிய வீடுகளுக்கு அரசு ஒரு சின்ன வேலை கொடுத்தது. குழந்தையின் சிறுநீரில் வடிதாளை நனைத்து, உலர்த்தி, தபாலில் அனுப்ப வேண்டும். தேடியது நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயை.

இது அட்ரீனல் சுரப்பியிலோ முதுகெலும்பை ஒட்டிய நரம்புத் திசுவிலோ தோன்றும். இதன் செல்கள் அட்ரீனலின் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை சிதைந்து வி.எம்.ஏ., எச்.வி.ஏ. என்ற அமிலங்களாகச் சிறுநீரில் வெளியேறும். அளவு கூடினால் சந்தேகம். ஊசி இல்லை, வலி இல்லை.

கைக்குழந்தையிடம் கண்டால் பெரும்பாலும் குணமாகும். பிந்திக் கண்டால் ஆபத்து. அப்படியானால் எல்லோரையும் முன்கூட்டியே சோதித்துவிடலாமே? குறை சொல்ல முடியாத வாதம்தான். திட்டம் தொடங்கியதும் கைக்குழந்தைகளில் நோய் கண்டறியப்படுவது கூடியது. கண்டறியப்பட்டவர்களில் அநேகமாக எல்லோரும் பிழைத்தார்கள். வெற்றி என்றே பலர் நம்பினர்.

கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் இதைச் சரிபார்த்தார்கள். கியூபெக்கில் சுமார் 4.75 லட்சம் குழந்தைகள், ஜெர்மனியில் சுமார் 15 லட்சம் குழந்தைகள். சோதனை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட முடிவுகள் 2002-இல் வெளியாயின. இந்நோயால் நேரும் இறப்பு குறையவே இல்லை.

ஒரே பெயரில் இரண்டு விதமான நோய் இருந்ததுதான் காரணம். கைக்குழந்தைகளிடம் காணப்படும் கட்டிகளில் பல தாமாகவே சுருங்கி மறைந்துவிடும். உயிரைப் பறிப்பவையோ பெரும்பாலும் பின்னால் தலையெடுத்து வேகமாகப் பரவுபவை. சோதனை வாரிப் பிடித்தது முதல் வகையை. விட்டிருந்தால் மறைந்திருக்கும் கட்டிக்காகப் பச்சிளம் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கும் கீமோதெரபிக்கும் ஆளானார்கள். இதை மிகைக் கண்டறிதல் என்கிறார்கள். எனக்கு அது மென்மையான பெயராகத்தான் படுகிறது. 2003-இல் ஜப்பான் திட்டத்தைக் கைவிட முடிவெடுத்தது.

சோதனையில் பிழையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வயிற்றில் கட்டியோடு வரும் குழந்தைக்கு இன்றும் அதே அமிலங்களைத்தான் அளக்கிறார்கள். சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்கவும் அவை உதவுகின்றன. நோய் அறிகுறியே இல்லாத லட்சக்கணக்கானோரிடம் அதைக் கொண்டுபோனதில்தான் கணக்கு தவறியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலும் இப்படித்தான். கட்டியிலிருந்து உதிரும் செல்களையும் புரதங்களையும் சிறுநீரில் தேடும் சோதனைகள், சிகிச்சை முடிந்தவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கத் துணையாகின்றன. ஆனால் உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியை அவற்றால் இன்னும் ஓய்வுக்கு அனுப்ப முடியவில்லை.

அதே ஜப்பானில் 2020 முதல், நுண்புழுக்களுக்குச் சிறுநீரை மோப்பம் காட்டிப் புற்றுநோய் அபாயத்தைச் சொல்லும் வணிகச் சோதனை விற்பனையாகிறது. இத்தகைய விளம்பரத்தைப் பார்த்தால், எத்தனை சதவீதம் துல்லியம் என்பதோடு நிற்காதீர்கள். இதனால் இறப்பு குறைந்ததாக ஆய்வு இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் மட்டும், வலி இல்லாவிட்டாலும், எந்தப் புதுச் சோதனைக்கும் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.