சாய்ந்த மரம், ஏஐ எழுதும் மனு: எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்?

கோலார் தங்கவயல், நந்திதுர்க் பக்கம் ஒரு லைன் வீட்டின் கூரைக்கு மேல் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரம் ஏறுகிறவர் அடிமரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடியில பொந்து விழுந்திருக்கு, மழைக்கு முன்னாடி இறக்கிடணும்" என்கிறார். தமிழில் சொன்ன இந்த ஒரு வரியை கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மனுவாக மாற்றுவது யார்? பெரும்பாலும், பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் அந்த வீட்டுப் பிள்ளைதான். இப்போது அவர் போனில் ஏஐ இருக்கிறது.

அனுமதி எதற்கு?

கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1976-ன்படி, நகரப் பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் மர அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். சில மர வகைகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் மரம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மரம் பட்டுப்போனது, நோயுற்றது, உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தானது என்பவை அனுமதிக்கான முக்கியக் காரணங்கள்.

தங்கவயலில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டாலும், பழைய குடியிருப்புகளில் மரம் நிற்கும் நிலம் யாருடையது என்பதே முதல் கேள்வி. இதற்கு ஏஐ பதில் சொல்லாது, ஆவணம்தான் சொல்லும்.

ஏஐ எங்கே உதவும்?

பேச்சை எழுத்தாக்குவதில் உதவும். மரத்தின் வகை, அடிமரச் சுற்றளவு, எந்தப் பக்கம் சாய்வு, கீழே என்ன இருக்கிறது, கேட்பது கிளை கழிக்கவா முழுதாக வெட்டவா என்று தமிழிலேயே சொன்னால், வரிசைப்படுத்தி மனுவாக்கித் தரும். மொழிபெயர்ப்புக்கு, மத்திய அரசு 2022-ல் தொடங்கிய பாஷினி போன்ற சேவைகளும் இருக்கின்றன.

எங்கே சறுக்கும்?

ஏஐ மரத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் இடைவெளி கிடைத்தால் "வேர் அழுகல்", "பூஞ்சைத் தொற்று" என்று தானாகவே நிரப்பிவிடும். மர ஆபத்தை மதிப்பிடும்போது நிபுணர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள்: விழ வாய்ப்பு எவ்வளவு? விழுந்தால் யார் மேல், எதன் மேல்? சேதம் எவ்வளவு? மூன்றுக்கும் நேரில் பார்த்தவர்தான் பதில் சொல்ல முடியும்.

சட்டப் பிரிவுகளிலும் கவனம் தேவை. 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவு ஒன்றில், இல்லாத தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தீர்ப்பாயத்திலேயே நடந்தது, நம்ம மனுவில் நடக்காதா?

என்ன செய்யலாம்?

"நான் சொல்லாததைச் சேர்க்காதே, தகவல் இல்லாத இடத்தைக் காலியாக விடு" என்று ஏஐ-யிடம் முதலிலேயே சொல்லுங்கள். போட்டோவும் அளவும் நீங்களே எடுங்கள். ஆதார் எண்ணை அதில் போடாதீர்கள். கடைசியாக, கன்னடம் தெரிந்த ஒருவரை வைத்து, மனுவை மரம் ஏறுபவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "ஆமா, நான் இதைத்தான் சொன்னேன்" என்று அவர் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு வார்த்தை கூடினால் நல்ல மரம் சாயலாம். ஒரு வார்த்தை குறைந்தால் ஆபத்தான மரம் கூரை மேலேயே நிற்கலாம்.